பென்சிலும் பால்வாளியும்: மலாயாவில் நகரத் திட்டமிடல் ஒரு தொழிலான கதை

1921ஆம் ஆண்டு ஜனவரியில் கோலாலம்பூருக்குப் புதிதாக ஓர் அதிகாரி வந்து சேர்ந்தார். பெயர் சார்ல்ஸ் காம்ப்டன் ரீட். நியூசிலாந்துக்காரர், நாற்பது வயது, அடிப்படையில் பத்திரிகையாளர். கூட்டு மலாய் மாநிலங்களின் அரசாங்க நகரத் திட்டமிடுநர் என்ற புதிய பதவியை ஏற்க வந்திருந்தார். இன்று ‘பிளான்மலேசியா’ என்று அழைக்கப்படும் நகர, கிராமத் திட்டமிடல் துறை தன் வயதை அந்த ஆண்டிலிருந்துதான் எண்ணுகிறது.

அதே 1921இல் சிலாங்கூரின் தென்பகுதியில் ஒரு ரப்பர் தோட்டம் உருவானது. முதல் உலகப் போரில் சண்டையிட்டுத் திரும்பிய பிரிட்டிஷ்காரர்கள் சிலர் 800 ஏக்கரில் அதைத் தொடங்கினார்கள். தாங்கள் பார்த்த பெரிய போரின் நினைவாக ‘பிராங் புசார்’ என்று பெயர் வைத்தார்கள். பின்னாளில் அக்கம்பக்கத்துத் தோட்டங்களையும் சேர்த்துக்கொண்டு அது 8,000 ஏக்கராக வளர்ந்தது. பி.பி. என்று தொடங்கும் ரப்பர் ஒட்டு வகைகளைப் பால்மரம் வெட்டிய குடும்பங்களில் இன்றும் சிலர் நினைவில் வைத்திருப்பார்கள். அந்த பி.பி. என்பது பிராங் புசார்தான்.

ஒரு தொழிலும் ஒரு தோட்டமும் ஒரே ஆண்டில் பிறந்து, ஒன்றையொன்று அறியாமல் 74 ஆண்டுகள் வளர்ந்தன. 1995இல் இரண்டும் ஒரே நிலத்தில் சந்தித்தன. அந்த இடத்தின் பெயர் புத்ராஜெயா.

இந்தக் கதைக்குள் நான் நுழைந்தது என் அக்காள் மகள் கேட்ட ஒரு கேள்வியால். எஸ்.டி.பி.எம். முடித்துவிட்டுப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் துறைகளைத் தேடிக்கொண்டிருந்தவள், “மாமா, டவுன் பிளானிங்னு ஒரு கோர்ஸ் இருக்கு. எடுத்தா வேலை கிடைக்குமா?” என்றாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் அப்பா முந்திக்கொண்டார். “அதெல்லாம் நமக்குச் சரிப்பட்டு வருமா மச்சான்? டாக்டரு, லாயரு கெடைக்கலன்னா டீச்சராச்சும் பாக்கலாம்ல.”

அவர் சொன்னதில் கேலி இல்லை. நம் வீடுகளில் அந்தத் தொழிலைச் செய்பவர்களை அதிகம் பார்த்ததில்லை. நகரத் திட்டம் என்பது நமக்கு வீட்டுக் கதவில் ஒட்டப்படும் நோட்டீஸ் வடிவத்தில்தான் அறிமுகம். அந்த நோட்டீசுக்குப் பின்னால் ஒரு வரைபடம் இருக்கிறது, வரைபடத்துக்குப் பின்னால் ஓர் அலுவலகமும் அதில் பென்சில் பிடித்த ஒருவரும் இருக்கிறார்கள் என்பதை யோசிக்க நமக்கு நேரம் கிடைத்ததில்லை. யார் அவர்கள்? அந்த நாற்காலிக்கு எப்படி வந்தார்கள்? இந்தக் கேள்விகளோடுதான் படிக்கத் தொடங்கினேன்.

படிக்காதவர்கள் தொடங்கிய படிப்பு

முதலில் எனக்கு வியப்பளித்த செய்தி, இந்தத் தொழிலை உருவாக்கியவர்கள் யாரும் இதைப் படித்தவர்கள் அல்ல என்பது.

எபனேசர் ஹோவர்ட் லண்டனில் சுருக்கெழுத்தாளராக இருந்தவர். அடுத்தவர்களின் பேச்சை எழுதி எடுத்துப் பிழைத்த மனிதர். 1898இல் அவர் வெளியிட்ட ஒரு புத்தகம்தான் ‘பூங்கா நகரம்’ என்ற கருத்தை உலகுக்குத் தந்தது. அதைப் பின்பற்றி 1903இல் இங்கிலாந்தில் லெட்ச்வொர்த் என்ற ஊர் எழத் தொடங்கியது. பூங்கா நகரம் என்றதும் நமக்கு மரங்களும் புல்வெளியும்தான் கண்ணில் வரும். ஹோவர்டின் திட்டத்தில் மரங்களைவிட முக்கியமான ஒன்று இருந்தது. நகரம் எழும் நிலம் தனி முதலாளி கையில் இருக்கக்கூடாது. ஊர் வளர வளர நிலத்தின் மதிப்பு ஏறும். அந்த ஏற்றம் வாடகை வழியாக அங்கே குடியிருப்பவர்களுக்கே திரும்ப வேண்டும். இதுதான் அவருடைய கணக்கு. இந்த வரியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் பிற்பகுதியில் தேவைப்படும்.

இன்னொருவர் பாட்ரிக் கெடிஸ். ஸ்காட்லாந்துத் தாவரவியல் பேராசிரியர். ஒரு செடியை அது வளரும் மண்ணோடு சேர்த்துப் பார்ப்பதுபோல ஊரையும் பார்த்தவர். வரைவதற்கு முன் நட, பார், கேள், கணக்கெடு என்பதுதான் அவர் பாடம். மருத்துவர் நோயறியாமல் கத்தியை எடுக்கக்கூடாது அல்லவா, அதுபோல.

கெடிசின் கதையில் நமக்குத் தெரிந்த ஒரு பெயர் குறுக்கிடுகிறது. 1914இல் அவர் இந்தியாவுக்குப் புறப்பட்டபோது, உலக நகரங்களைப் பற்றிய வரைபடங்களும் படங்களும் அடங்கிய அவருடைய கண்காட்சி தனிக் கப்பலில் வந்துகொண்டிருந்தது. அந்தக் கப்பலை எம்டன் மூழ்கடித்தது. ஆமாம், அதே எம்டன்தான். செப்டம்பரில் சென்னையில் குண்டு போட்டு, அக்டோபரில் பினாங்குத் துறைமுகத்தில் புகுந்து அடித்த ஜெர்மானியக் கப்பல். ‘அவன் பெரிய எம்டன்’ என்று தமிழில் நிலைத்துவிட்ட எம்டன். கெடிஸ் சோர்ந்துவிடவில்லை. நண்பர்கள் மீண்டும் திரட்டி அனுப்பிய படங்களோடு 1915 தொடக்கத்தில் சென்னையில் கண்காட்சி நடத்தினார். பிறகு சென்னை மாகாணத்து ஊர்களைச் சுற்றி அறிக்கைகள் எழுதினார். தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதியில் நேர்கோட்டுத் தெருக்களுக்காக வீடுகளை வரிசையாக இடிக்கும் யோசனை இருந்தபோது, சந்துசந்தாக நடந்து பார்த்தார். பாழடைந்த சில கட்டடங்களை மட்டும் எடுத்துவிட்டு, கிடைத்த இடத்தைத் திறந்தவெளியாக்கினால் குறைந்த செலவில் காரியம் முடியும் என்று காட்டினார். குடியிருப்பவர்களை அசைக்காமல் ஊரைத் திருத்தும் வழி அது.

ஆர்வத்தில் தொடங்கியது மெல்லத் தொழிலாக இறுகியது. 1909இல் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் உலகின் முதல் நகரத் திட்டமிடல் துறை தொடங்கப்பட்டது. பணம் கொடுத்தவர் சன்லைட் சவர்க்காரம் விற்ற வில்லியம் லெவர். தன்னைப் பற்றி அவதூறு எழுதிய பத்திரிகைகள் மீது வழக்குப் போட்டு வென்ற நஷ்டஈட்டைப் பல்கலைக்கழகத்துக்குத் தந்தார். 1914இல் பிரிட்டனில் நகரத் திட்டமிடுநர்களுக்கான சங்கம் உருவானது. பின்னர் பரீட்சை வந்தது, உறுப்பினர் தகுதி வந்தது, பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள எழுத்துகள் வந்தன.

ரீட் வந்தார், ரீட் போனார்

சார்ல்ஸ் ரீட் அந்தப் பரீட்சை யுகத்துக்கு முந்தியவர். லண்டன் சேரிகளைப் பார்த்து அதிர்ந்து, 1909இல் பிரிட்டன் தன் தொழிலாளர்களை எப்படிக் குடிவைத்திருக்கிறது என்று ஒரு புத்தகம் எழுதியவர். பூங்கா நகர இயக்கத்தில் சேர்ந்து, 1914இல் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஊர் ஊராகப் படம் காட்டிச் சொற்பொழிவாற்றினார். தென் ஆஸ்திரேலிய அரசின் திட்டமிடுநராக இருந்து 1920இல் அங்கே ஒரு நகரத் திட்டச் சட்டம் வரக் காரணமானார். அந்தச் சட்டத்தின் மை காய்வதற்குள் மலாயாவுக்கு வந்துவிட்டார்.

இங்கே அவருக்குக் கிடைத்தது ஈய நகரங்கள். கோலாலம்பூர், ஈப்போ, சிரம்பான் எல்லாம் சுரங்கத்தை ஒட்டி அவசரத்தில் எழுந்தவை. கடைவீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன, பின்சந்துகள் கிடையாது, வெள்ளம் வேறு. ரீட் இங்கே நிரந்தரமாக விட்டுச்சென்றவற்றில் கண்ணால் பார்க்கக்கூடியது கோலகுபு பாரு. பழைய கோலகுபு வெள்ளத்தாலும் மண்ணாலும் மூழ்கி மூழ்கி எழுந்த ஊர். அதைக் கைவிட்டு மேட்டில் புதிய ஊரை அமைக்க முடிவானபோது ரீட் வரைந்தார். அரசாங்க அலுவலகங்கள் ஒரு பக்கம், கடைகள் ஒரு பக்கம், இடையில் பசுமை. பிரேசர்ஸ் ஹில் போகும் வழியில் காரை நிறுத்தி டீ குடிக்கிறவர்கள் அந்த ஊரின் அமைதிக்கு ஒருவர் பென்சில் பிடித்திருக்கிறார் என்று நினைப்பதில்லை.

மற்ற இடங்களில் அவருக்குச் சிக்கல்தான். தாறுமாறான நிலத்துண்டுகளை ஒன்றுசேர்த்து, சாலைக்கும் திறந்தவெளிக்கும் இடம் ஒதுக்கி, மீதியை உரிமையாளர்களுக்கே திருப்பிப் பங்கிடலாம் என்றார். நில உரிமையாளர்கள் முகம் சுளித்தார்கள். செலவைக் கண்டு அதிகாரிகளும் தயங்கினார்கள். 1923இல் அவருக்காக வந்த நகரத் திட்டச் சட்டம் 1927இல் மாற்றப்பட்டது. பத்தாண்டு முடிவதற்குள் அது சுகாதார வாரியச் சட்டத்தின் ஒரு பகுதியாகச் சுருங்கியது. ரீட் ஆப்பிரிக்காவுக்கு மாற்றலானார். வட ரொடீசியா, பிறகு தென்னாப்பிரிக்கா. 1933இல் ஜோகன்னஸ்பர்க்கில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். எந்த ஊரிலும் வேர்பிடிக்காமல் காலனி விட்டுக் காலனி போன ஒருவர் இந்தத் தொழிலின் தொடக்கத்தில் நிற்கிறார். முதல் தலைமுறைத் திட்டமிடுநர்களின் தொழில் வாழ்க்கை பெரும்பாலும் அப்படித்தான் இருந்தது. கல்கத்தாவுக்குப் பெரிய அறிக்கை எழுதிய ஈ.பி. ரிச்சர்ட்ஸ் 1920இல் சிங்கப்பூருக்கு வந்து பொறுப்பேற்றதும் அந்த வகைதான். ஊர்கள் மாறின, பென்சில் அதே கைகளில் இருந்தது.

திட்டத்துக்கு வெளியே ஓர் ஊர்

இனி, ரீட் வரையாத இடத்துக்கு வருவோம். அவருடைய சட்டம் பட்டணங்களுக்கானது. தோட்டம் அதன் எல்லைக்குள் வரவில்லை. ஆனால் தோட்டமும் திட்டமிட்ட இடம்தான். மேட்டில் துரை பங்களா, சற்றுக் கீழே கிராணிமார் வீடுகள், பள்ளத்தில் லயங்கள், ஓரத்தில் மாரியம்மன் கோயில், பின்னர் ஒரு தமிழ்ப்பள்ளி. யார் எங்கே நிற்க வேண்டும், யாரை யார் பார்க்க முடியும் என்பதெல்லாம் அந்த அமைப்பிலேயே முடிவாகிவிட்டது. வரைந்தது தோட்ட நிர்வாகம். அதில் வாழ்ந்தவனுக்கு வீடு வேலையோடு கட்டப்பட்டிருந்தது. வேலை போனால் வீடும் போச்சு.

அரசாங்க வரைபடத்தில் இவ்வளவும் ஒரே நிறம். நில உபயோக வரைபடங்களில் வீட்டுக்கு ஒரு நிறம், கடைக்கு ஒரு நிறம், தொழிற்சாலைக்கு ஒரு நிறம் இருக்கும். ரப்பர் தோட்டத்துக்கு விவசாயப் பச்சை. அந்தப் பச்சைக்குள் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் மூன்று தலைமுறையாகப் பிறந்து, மணமுடித்து, புதைக்கப்பட்டிருந்தாலும் நிறம் மாறாது. கோயிலுக்குத் தனி நிலப்பட்டா இல்லை, பள்ளியின் நிலம் கம்பெனிக்குச் சொந்தம். பிற்காலத்தில் ‘சட்டவிரோதக் கோயில்’ என்ற சொல் நாளிதழ்களில் வந்தபோது நாம் கொதித்தோம். அந்தச் சொல்லின் விதை இந்தப் பச்சை நிறத்தில் கிடக்கிறது.

1950இல் அவசரகாலத்தின்போது பிரிக்ஸ் திட்டம் வந்தது. சுமார் 5 லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், புதுக்கிராமங்களுக்குள் குடியேற்றப்பட்டார்கள். தோட்ட லயங்களும் ஒன்றுகூட்டப்பட்டு முள்வேலிக்குள் வந்தன. இந்த நாட்டின் மிகப் பெரிய குடியிருப்புத் திட்டங்களில் ஒன்றை நடத்தியது ராணுவம். அதே காலத்தில் கோலாலம்பூரின் நெரிசலைக் குறைக்க ஒரு துணைநகரம் தேவைப்பட்டது. 1,200 ஏக்கர் எஃபிங்ஹாம் ரப்பர் தோட்டத்தில் பெட்டாலிங் ஜெயா எழுந்தது. தோட்டம் நகரமாகும் கதையின் முதல் பெரிய அத்தியாயம் அது.

தீவில் நடந்தது

சிங்கப்பூரில் கதை வேறு வேகத்தில் போனது. ராஃபிள்ஸ் காலத்தில் லெப்டினன்ட் ஜாக்சன் வரைந்த நகர வரைபடத்திலேயே இனத்துக்கு ஒரு மூலை உண்டு. ஆற்றின் மேற்பகுதியில் சூலியாக் கம்பம் என்று தமிழருக்கு ஓர் இடம் குறிக்கப்பட்டிருந்தது. பினாங்கிலிருந்து ராஃபிள்சோடு வந்த நாராயண பிள்ளை செங்கற்சூளை வைத்தார். தென்னிந்தியக் கைதிகள் சாலை போட்டார்கள், கட்டடம் எழுப்பினார்கள். நகரத்தைக் கட்டிய கைகளில் நம் கைகள் நிறைய உண்டு. வரைந்த கைகளில் தேட வேண்டும்.

1927இல் சிங்கப்பூர் இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் சட்டப்படி நிறுவப்பட்டது. பின்சந்துகள் திறப்பதும், பிறகு தியோங் பாருவில் வீடு கட்டுவதுமாக அது மெதுவாக நகர்ந்தது. போருக்குப் பின், பிரிட்டிஷ் திட்டமிடல் உலகின் மூத்தவரான சர் ஜார்ஜ் பெப்ளர் ஆலோசகராக வந்தார். ஆண்டுக்கணக்கில் கணக்கெடுப்பு நடந்து, 1958இல் பெருந்திட்டம் ஒப்புதல் பெற்றது. 1972இல் தீவின் மக்கள்தொகை 20 லட்சம் ஆகும் என்று அது கணித்தது. அந்த எண்ணிக்கையைத் தீவு சில ஆண்டுகள் முன்னதாகவே தொட்டுவிட்டது.

1963இல் ஐக்கிய நாடுகள் சபை அனுப்பிய மூன்று நிபுணர்களில் ஒருவர் ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பியவர். மைசூர் அரசில் கட்டடக் கலைஞராக இருந்து, சுதந்திர இந்தியாவின் வீடமைப்பு இயக்குநராகப் பணியாற்றியவர். இவ்வளவு வேகமாக வளரும் ஊருக்கு அசையாத வரைபடம் உதவாது, செய்துகொண்டே திட்டமிட வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. அந்தக் குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து 1967 முதல் 1971 வரை ஐ.நா. உதவியோடு ஒரு பெரிய திட்டப்பணி நடந்தது. வெளிநாட்டவரோடு பக்கத்து மேசையில் உட்கார்ந்து உள்ளூர் இளைஞர்கள் வேலை கற்றார்கள். பயிற்சி, பதவி, பொறுப்பு எல்லாம் ஒரே நேரத்தில் கிடைத்த தலைமுறை அது. 1971இல் கருத்துருத் திட்டம் வந்தது, 1974இல் நகர மறுசீரமைப்பு ஆணையம். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பென்சில் கைமாறியது.

அந்தத் தலைமுறைதான் பழைய நகரின் பெரும்பகுதியை இடித்தது. பிறகு 1989இல் லிட்டில் இந்தியா, சைனாடவுன், கம்போங் கிளாம் போன்ற பகுதிகளைப் பாதுகாப்புப் பகுதிகளாக அறிவித்ததும் அதே அமைப்புதான். சிராங்கூன் சாலையின் கடைவீடுகள் தப்பின. அந்தச் சாலைக்கு உயிர் கொடுத்த மாட்டுத் தொழுவங்களும் சூளைகளும் அதற்கு வெகுகாலம் முன்பே மறைந்துவிட்டன. கட்டடத்தைக் காப்பாற்றத் தொழிலுக்குத் தெரிந்திருந்தது. பிழைப்பைக் காப்பாற்ற இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறது.

1995

மலேசியாவில் இந்தக் கைமாற்றம் சற்றுப் பொறுமையாக நடந்தது. 1970இல் மலேசியத் திட்டமிடுநர் கழகம் தோன்றியது. எழுபதுகளில் உள்ளூர் உயர்கல்விக் கூடங்களில் படிப்புகள் தொடங்கின. அதுவரை இந்தத் தொழிலுக்குக் கடல் கடந்து படிக்க வேண்டும். தோட்டத்துப் பிள்ளைக்கு அது எட்டாத கிளை. 1976இல் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் வந்தது. ஒவ்வோர் ஊராட்சி மன்றமும் திட்டமிடல் அதிகாரம் பெற்றது. அதனால் ஒவ்வொரு மன்றத்துக்கும் திட்டமிடுநர் தேவைப்பட்டார். வேலைவாய்ப்பு என்று பார்த்தால் இந்தத் தொழிலுக்கு வாசலைத் திறந்தது இந்தச் சட்டம்தான்.

1995இல் நகரத் திட்டமிடுநர் சட்டம் நிறைவேறியது. தகுதி பெற்றுப் பதிவு செய்தவர் மட்டுமே தன்னைத் திட்டமிடுநர் என்று சொல்லிக்கொள்ளலாம். மருத்துவர், வழக்கறிஞர் போல ஒரு வாரியம், ஒரு பதிவேடு. பத்திரிகையாளரும் தாவரவியலாளரும் உள்ளே வந்த கதவு சாத்தப்பட்டது. தரத்துக்கு அது தேவைதான்.

அதே 1995இல் பிராங் புசாரில் புத்ராஜெயாவின் கட்டுமானம் தொடங்கியது.

மலேசியத் திட்டமிடுநர்களிடம் உங்கள் தொழிலின் பெருமை எது என்று கேட்டால் பலரும் புத்ராஜெயாவைச் சொல்வார்கள். நியாயம்தான். வெள்ளைக்கார ஆலோசகர் வந்து விரல் நீட்டாமல், உள்ளூர் நிபுணர்களே வரைந்த தலைநகரம். ஆற்றை மறித்து ஏரி அமைத்தார்கள். ஈரநிலங்களை உருவாக்கினார்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான நிலத்தைப் பசுமைக்கு விட்டார்கள். பூங்கா நகரம் என்றே அதற்குப் பெயர். 1921இல் ரீட் தோளில் சுமந்து வந்த கனவு, அவர் பெயரைக்கூடக் கேள்விப்படாத பலரின் கையால் நிறைவேறியது.

அந்தப் பசுமைக்கு முன்பே அங்கே வேறொரு பசுமை இருந்தது. பிராங் புசார், செட்ஜ்லி, கேலவே, மேடிங்லி ஆகிய நான்கு தோட்டங்களின் பாட்டாளிகள், ஏறக்குறைய 400 குடும்பங்கள், டிங்கிலில் தாமான் பெர்மாத்தா என்ற அடுக்குமாடிக்கு மாற்றப்பட்டார்கள். சில ஆண்டுகளிலேயே சுவர்களில் விரிசல் விழுந்தது. தரைவீடு கேட்டு அவர்கள் பல தேர்தல்களைக் கடந்து போராட வேண்டியிருந்தது. ஒரு வாய் மண்ணிலாவது காலை வைத்து வாழ்ந்தவர்கள், வாசலில் கோலம் போட இடமில்லாத மாடிக்குப் போனார்கள்.

இப்போது ஹோவர்டின் வரிக்குத் திரும்பலாம். நிலத்தின் மதிப்பு ஏறும்போது அந்த ஏற்றம் அங்கே வாழ்பவர்களுக்குச் சேர வேண்டும் என்பதுதான் பூங்கா நகரத்தின் உயிர்நாடி. கடல் கடந்து வந்தபோது பூங்கா வந்தது, ஏரி வந்தது, வளைந்த சாலை வந்தது. அந்த வரி மட்டும் வரவில்லை. ரப்பர் ஏக்கர் தலைநகர ஏக்கராக மாறியபோது மதிப்பு எத்தனை மடங்கு ஏறியிருக்கும்! அந்த நிலத்தை மூன்று தலைமுறையாக உழைப்பால் நிலமாக்கியவர்கள் அந்தக் கணக்கில் எங்குமே இல்லை. வரைந்தவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் கையில் கிடைத்த அடிப்படை வரைபடத்தில் அந்த இடம் பச்சையாக இருந்தது. தஞ்சாவூர்ச் சந்துகளில் கெடிஸ் நடந்ததுபோல லயத்து வாசலில் நடந்திருந்தால் நிறம் வேறாகத் தெரிந்திருக்கும்.

சரி, வேலை கிடைக்குமா?

கிடைக்கும். அங்கீகரிக்கப்பட்ட பட்டம், சில ஆண்டு அனுபவம், வாரியத்தின் பரீட்சை, பிறகு பதிவு. வழி நீளம், ஆனால் தெளிவான வழி. பிளான்மலேசியாவிலும் ஊராட்சி மன்றங்களிலும் பதவிகள் உண்டு. தனியார் ஆலோசனை நிறுவனங்களில் இடம் உண்டு, மேம்பாட்டு நிறுவனங்களும் எடுக்கின்றன. முதல் சில ஆண்டுகள் பெரும்பாலும் நில உபயோகக் கணக்கெடுப்பு, வரைபட மென்பொருள், திட்டமிடல் அனுமதி விண்ணப்பங்கள் என்றுதான் போகும். கவர்ச்சியான வேலை அல்ல. ஆனால் ஓர் இடத்துக்கு என்ன நிறம் என்று முதலில் குறிப்பவர் அந்தக் கணக்கெடுப்பில் அலையும் இளநிலை ஊழியர்தான். ஆலயம் என்று குறிப்பதா, காலி நிலம் என்று குறிப்பதா? மேலே போகப்போக அந்தக் குறிப்பைத் திரும்ப வந்து சரிபார்ப்பவர்கள் குறைவு.

இலக்கியம் வாசிக்கிற இளைஞர்களுக்கு இதை நான் குறிப்பாகச் சொல்வேன். இந்தத் தொழிலைத் தொடங்கியவர்களில் ஒருவர் சுருக்கெழுத்தாளர், ஒருவர் பத்திரிகையாளர். கேட்கவும் எழுதவும் தெரிந்தவர்கள். இன்று பெரிய திட்டங்களுக்குச் சமூகத் தாக்க மதிப்பீடு கேட்கப்படுகிறது. ஒரு பாட்டியிடம் உட்கார்ந்து அவர் சொல்வதை அவர் மொழியிலேயே விளங்கிக்கொண்டு அறிக்கையாக்குவது, வரைபட மென்பொருள் செய்துதராத வேலை. தமிழ் தெரிந்த திட்டமிடுநர் என்பது விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தை நிரப்பும் விஷயமாக இருக்கலாம். களத்தில் அது ஒரு கம்பத்தின் தலையெழுத்து.

ஆனால் ஆள் போய் உட்கார்ந்தால் மட்டும் தீர்ந்துவிடாது. சட்டத்திலேயே ஓர் ஓட்டை இருக்கிறது. 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி, உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில் ஒரு மேம்பாட்டு விண்ணப்பம் வந்தால், பக்கத்து நிலங்களின் உரிமையாளர்களுக்கு மன்றம் அறிவிப்பு அனுப்ப வேண்டும். 21 நாளில் அவர்கள் ஆட்சேபிக்கலாம். உரிமையாளர்களுக்கு என்பதைக் கவனியுங்கள். வாடகைக்கு இருப்பவருக்கு அல்ல, புறம்போக்கில் இருப்பவருக்கு அல்ல, கம்பெனி வீட்டில் இருப்பவருக்கு அல்ல. பட்டா இல்லாதவனுக்கு ஆட்சேபிக்கும் வாய் அந்தப் பிரிவில் இல்லை.

உள்ளூர்த் திட்டம் வரையப்படும்போது நிலைமை சற்று மேல். வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, ஆட்சேபங்களையும் கருத்துகளையும் கேட்க வேண்டும் என்பது சட்டம். மன்றத்தின் வரவேற்பறையில் சில வாரங்கள் பெரிய பெரிய தாள்கள் தொங்கும். இப்போது இணையத்திலும் போடுகிறார்கள். அந்தத் தாள்களின் முன்னால் நம் ஆட்கள் நிற்பதை நான் அதிகம் பார்த்ததில்லை. கோயில் தலைவர்களும், பள்ளி வாரியத்தாரும், தோட்டம் மூடிய பின்னும் லயத்தில் தங்கிவிட்ட குடும்பங்களும் போய்ப் பார்க்க வேண்டிய இடம் அது. நோட்டீஸ் ஒட்டிய பிறகு நடக்கும் பத்திரிகையாளர் சந்திப்பு, பெரும்பாலும் சில ஆண்டுகள் பிந்திய கூட்டம்.

அடுத்த முறை உங்கள் மன்றத்தில் வரைவு தொங்கும்போது ஓர் அரை மணி நேரம் போய் நில்லுங்கள். உங்கள் பகுதியைத் தேடுங்கள். கோயிலுக்கும் பள்ளிக்கும் மயானத்துக்கும் என்ன நிறம் போட்டிருக்கிறார்கள் என்று ஓரத்திலுள்ள நிறக் குறிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். தவறாக இருந்தால் பக்கத்தில் ஆட்சேபப் படிவம் இருக்கும். பேனா நாமே கொண்டுபோக வேண்டும்.